பலெர்மோவில் ரோபஸ்டா தேடி

காட்டுச் சாலையை இரவில் அடைத்துவிடுவார்கள் என்பதால் காலையிலேயே தேவாலாவை விட்டுக் கிளம்பினேன். முதுமலை, பந்திப்பூர், மைசூர் வழியாகப் பெங்களூர். அங்கிருந்து விமானத்தில் இரண்டு இடம் மாறிப் பலெர்மோ. கல்லூரித் தோழி ஜெசிந்தாவைப் பார்க்கத்தான் இந்தப் பயணம். போர்க் காலத்தில் மன்னாரிலிருந்து அகதியாக வந்து திருச்சியில் என்னோடு படித்தவள். பிறகு இத்தாலிக்குப் போய் வீட்டு வேலையில் காலூன்றினாள். வருஷா வருஷம் கூப்பிடுவாள். இந்த மே மாதம்தான் கைகூடியது.

பஸ் ஏற்றிவிட அண்ணன் வந்திருந்தார். எனக்கும் அவருக்குமாக, வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், நாலு ஏக்கரில் ரோபஸ்டா என்கிற கசப்பு ரகக் காபி இருக்கிறது. ஜூன் மழை பிடித்ததும் மொத்தத்தையும் வெட்டிவிட்டுப் பட்டர் ஃப்ரூட் வைக்க வேண்டும் என்பது அவர் கட்சி. பறிக்க ஆள் கிடைப்பதில்லை, யானை வேறு வருகிறது. அதெல்லாம் நியாயம்தான். ஆனால் ரோபஸ்டாவை எந்த மனுஷனும் ருசிக்காகக் குடிப்பதில்லை என்றும் சொன்னார். அதுதான் என்னை உறுத்தியது. இத்தாலிக்காரர்கள் நம் காபியை வாங்குகிறார்களாமே என்றேன்.

"அப்ப அங்கருந்து ஒரு நல்ல காபி வாங்கிட்டு வா. குடிச்சுப் பாத்துட்டு வெட்டுறதப் பத்திப் பேசலாம்" என்றார்.

கேலியாகத்தான் சொன்னார். நான் அதை ஒப்பந்தமாகவே எடுத்துக்கொண்டேன்.

வெள்ளி, பிற்பகல். விமான நிலையம் கடலுக்கும் ஒரு மொட்டை மலைக்கும் நடுவே இருக்கிறது. நகரத்துக்கு முப்பத்தைந்து கிலோமீட்டர். ஜெசிந்தா வாசலில் நின்றாள். தலை நரைத்திருந்தது, நடையின் வேகம் மட்டும் மாறவில்லை. பஸ்ஸில் ரயில் நிலையம் வந்து, அங்கிருந்து ஒரேத்தோ என்ற பகுதியில் அவள் குடியிருக்கும் மூன்றாம் மாடிக்கு நடந்தோம். வந்த காரியத்தைச் சொன்னதும் சிரித்துவிட்டாள். கடைக்குக் கடை கோப்பி அடுக்கி வைத்திருக்கிறார்கள், நாளைக்கே ரெண்டு பேணி வாங்கித் தருகிறேன் என்றாள். பேணி என்றால் தகர டப்பா. டப்பா வேண்டாம், இந்த ஊரில் வறுத்தது வேண்டும், என்ன கொட்டை என்றும் தெரிய வேண்டும் என்றேன்.

சனி. ஜெசிந்தா காலையில் அவளுடைய சின்யோரா வீட்டுக்குப் போய்விட்டாள். முதலாளி அம்மாவை இங்குள்ள தமிழர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். நான் தனியாக வியா மக்வேதாவில் இறங்கினேன். பலகைக் கல் பாவிய நீண்ட வீதி, இருபுறமும் கடைகள். ஒரு காபிக் கடையில் எல்லோரையும் போல நின்றுகொண்டே குடித்தேன். முதலில் சின்னக் கண்ணாடி டம்ளரில் தண்ணீர், பிறகு மூன்று வாய்க்கு மேல் வராத காபி. விலை ஒரு யூரோ இருபது. கெட்டியாக இருந்தது, நாக்கில் கசப்பு நெடுநேரம் நின்றது. ரோபஸ்டா இருக்கிறது என்று எனக்குச் சந்தேகமில்லை. என்ன கொட்டை என்று கைச்சாடையோடு கேட்டேன். கடைக்காரர் தோளைக் குலுக்கினார்.

பரிசுப் பொருள் விற்கும் கடைகளில் எரிமலைப் படம் போட்ட காபிப் பொட்டலங்கள் வரிசையாக இருந்தன. எதிலும் வறுத்த தேதி இல்லை, கொட்டை எந்த நாட்டினது என்றும் இல்லை. ஒரு மணியானதும் சின்னக் கடைகள் ஷட்டரை இழுத்துவிட்டன. நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். வெறுங்கையோடு திரும்பினேன்.

ஞாயிறு. பூசை முடிந்து ஜெசிந்தா என்னை மொண்டெல்லோ கடற்கரைக்கு அழைத்துப் போனாள். மணலே தெரியாத கூட்டம். அங்கே குடை நாற்காலி வாடகைக்கு விடும் இடத்தில் வேலை செய்யும் அந்தோனி, ஜெசிந்தாவின் பங்குக் கோயில்காரர், அவள் நாட்டவர்தான், ஊர்காவற்றுறைப் பக்கம். தண்ணீரில் இறங்காமல் காபியைப் பற்றியே விசாரித்துக்கொண்டிருந்த என்னை அவர் விசித்திரமாகப் பார்த்தார். ஆனால் தகவல் அவரிடம்தான் கிடைத்தது.

"பல்லாரோ சந்தைக்குப் பின்னாலை ஒரு ஒழுங்கைக்குள்ளை ஒருத்தர் தானே வறுத்துத் தானே விக்கிறார். முந்தி நான் வேலை செய்த கோப்பிக் கடைக்கு அவரிட்டைத்தான் எடுக்கிறவை. ஆள் கொஞ்சம் கடுசு, பாத்துக் கதையுங்கோ."

திங்கள், மாலை நாலரை. சந்தையில் கத்தரிக்காய்க் குவியல்களையும் வாள்மீன் தலைகளையும் தாண்டி நானும் ஜெசிந்தாவும் அந்தச் சந்துக்குள் நுழைந்தோம். கடை கண்ணில் படுமுன்பே மணம் வந்துவிட்டது. அறுபது வயதைத் தாண்டிய மனிதர், கையில் சூட்டுத் தழும்புகள். மூலையில் சாக்குகள் இருந்தன. அனுமதி கேட்காமலே ஒன்றின் அருகில் குனிந்தேன். ஆங்கில எழுத்தில் 'இந்தியா' என்று அச்சிட்டிருந்தது. பச்சைக் கொட்டையை அள்ளி முகர்ந்தேன். ரோபஸ்டாதான். ஆனால் எங்கள் களத்தில் வரும் புளித்த வாடை இதில் இல்லை.

இதை மட்டும் வறுத்து இரண்டு கிலோ வேண்டும் என்று ஜெசிந்தா மூலம் கேட்டேன். முடியாது என்றார். அவர் விற்பது பல கொட்டைகள் சேர்த்த கலவை மட்டும்தான், கேட்கிற சுற்றுலாக்காரருக்கெல்லாம் சாக்கு அவிழ்க்க முடியாது என்றார்.

"விமலா, மனுசன் மாட்டன் எண்டுறார். வா, போவம்" என்றாள் ஜெசிந்தா.

"நான் சுற்றுலாவுக்கு வந்தவ இல்ல, இதே செடிய வளர்க்கிறவன்னு சொல்லுடி."

சொன்னாள். அவர் நம்பவில்லை. செல்போனில் இருந்த படங்களைக் காட்டினேன்: மார்ச்சில் கிளை முழுக்க வெள்ளையாகப் பூத்தது, களத்தில் காயும் பழம், பறிக்கிற பெண்கள். பூவைக் கடந்து போனவர் களத்துப் படத்தில் நின்றார். விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். பச்சையும் சிவப்பும் கறுப்பும் ஒன்றாகக் கிடந்தன. ஆள் பற்றாக்குறையில் ஒரே சுற்றில் மொத்தத்தையும் உருவிவிடுகிறோம். வியாபாரியும் எல்லாவற்றுக்கும் ஒரே விலைதான் தருகிறார்.

அவர் அந்த இந்தியக் கொட்டையில் வறுத்து வைத்திருந்த சிறு மாதிரியை அரைத்து ஒரு கோப்பை இறக்கினார். குடித்தேன். கசப்பு இருந்தது, ஆனால் தொண்டையைப் பிடிக்கவில்லை. வறுத்த வேர்க்கடலையும் கருப்பட்டியும் போல ஒரு ருசி பின்னால் வந்தது. இத்தனை வருஷம் காபி விற்றிருக்கிறேன், ரோபஸ்டாவுக்குள் இப்படி ஒன்று இருக்கும் என்று நினைத்ததில்லை. எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

"பழுத்ததை மட்டும் ஆய்ஞ்சு, மெல்லமாய்க் காயவிட்டதாம். வேறை ஒரு வித்தையும் இல்லையாம்" என்று ஜெசிந்தா மொழிபெயர்த்தாள்.

இரண்டு கிலோ தனியாக வறுத்துத் தருகிறேன், ஆனால் வறுக்கும் நாள் புதன் என்றார். என் விமானமும் புதன் பிற்பகல்தான். காலையில் கடை திறக்கும்போது வந்து நிற்பேன் என்றேன். அவர் முதல் தடவையாகச் சிரித்து, தலையாட்டினார்.

புதன், காலை. நாங்கள் போனபோது இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அவர் அவசரப்படவில்லை; கொட்டை நிறம் மாறுவதைக் கரண்டியில் எடுத்தெடுத்துப் பார்த்தார். விமான நிலைய பஸ் ஒன்றை விட்டோம். அடுத்ததையும் விட்டோம். ஜெசிந்தா கடிகாரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். கொட்டை ஆறாமல் பையில் போடக் கூடாது என்று அவர் சொன்னபோது நானும் அவர் பக்கமே சேர்ந்துகொண்டேன். கடைசியில் இரண்டு பை கைக்கு வந்தது. கிலோ இருபத்திரண்டு யூரோ. விமான நிலையத்துக்கு டாக்ஸிதான் பிடிக்க வேண்டியிருந்தது. எடை கூடிவிடும் என்று பெட்டியில் இருந்த சேலைகளை ஜெசிந்தாவிடம் விட்டுவிட்டுக் காபியையும், அவள் கொடுத்த அடுப்பில் வைக்கும் சிறிய காபிக் குடுவையையும் வைத்தேன்.

"கோப்பிக்காகச் சீலையை விட்டிட்டுப் போறவளை இப்பத்தான் காணுறன்" என்றாள். பிறகு என் கையை விடவில்லை. அடுத்த முறை எப்போது என்று இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை.

தேவாலாவில் மழை இன்னும் தொடங்கவில்லை. அண்ணனுக்குப் பால் விடாமல் ஒரு டம்ளர் கொடுத்தேன். மெதுவாகக் குடித்தார்.

"இது நம்ம காபி இல்லையே."

"நம்ம செடிதாண்ணே. பறிக்கிறதுதான் வேற."

டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆளுக்கு எங்கே போவாய் என்று மட்டும் கேட்டார். ஆனாலும் என் பக்கத்தை வெட்டமாட்டேன் என்றேன். ஜூனில் அவர் தன் பக்கத்தை வெட்டிக் கன்று வைத்தார். என் பக்கத்தைத் தொடவில்லை.

ஜனவரியில் பழுத்ததை மட்டும் பறிக்கச் சொன்னேன். ஒரே செடிக்கு மூன்று தடவை வருவதா என்று பெண்கள் முணுமுணுத்தார்கள், இருவர் வேலைக்கு வராமலே நின்றுவிட்டார்கள். வியாபாரி கூடுதலாக ஒரு ரூபாய் தரவில்லை. விற்றது போக ஒரு மூட்டையை நிறுத்திவைத்து வீட்டிலேயே வறுத்தேன். பலெர்மோ ருசி வரவில்லை. புளிப்பு மட்டும் போயிருந்தது. அங்கே நின்றபடி மூன்று வாயில் குடித்துவிட்டுப் போகிறவர்களுக்குத் தேவாலாவைத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. விளைவிக்கிற நாங்களே இவ்வளவு காலம் எங்கள் காபியை ருசி பார்த்துக் குடிக்காததுதான் எனக்கு வெட்கமாக இருந்தது.

இப்போது அண்ணன் தினமும் காலையில் வேலியைத் தாண்டி வந்து ஒரு டம்ளர் வாங்கிக் குடிக்கிறார். நன்றாக இருக்கிறது என்று இன்றுவரை சொன்னதில்லை. கடைசிச் சுற்றுப் பறிப்பின்போது ஆள் குறைந்தது. அன்று அண்ணன் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, பறிக்கிற கூடை எங்கே இருக்கிறது என்று கேட்டார்.