நான் இறக்கிய கம்பி

ஐந்தாம் வகுப்போடு பீங்கான் கம்பெனி வேலைக்குப் போனவன் நான். யாரும் சொல்லித்தராமல், கேட்டுக் கேட்டே பேஸ் கிடார் கற்றேன். தொண்ணூறுகளில் விருத்தாசலம் பக்கம் எந்த மெல்லிசைக் கச்சேரி என்றாலும் பேஸ் வாசிக்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். என் காது அப்படி.

அப்போது பெண்ணாடத்திலிருந்து டேவிட் எங்கள் குழுவில் சேர்ந்தான். அவனும் பேஸ்தான்; கையில் அவன் மாமா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த புத்தம்புது கிடார். என்னுடையதோ கழுத்து வளைந்த பழசு. எனக்கு வயிறு எரிந்தது.

ஒரு கல்யாண வரவேற்பில் முதல் மூன்று பாட்டை அவனுக்குக் கொடுத்துவிட்டார் குழுத் தலைவர். மேடையேறும் முன் டேவிட் என்னிடம் வந்தான்.

"அண்ணே, சுருதி சேத்துக் குடுங்கண்ணே. உங்க காது எனக்கு ஏது?"

சேர்த்தேன். தடித்த கம்பியை மட்டும் வேண்டுமென்றே கொஞ்சம் இறக்கிக் கொடுத்தேன்.

முதல் பாட்டு நாராசமாகிவிட்டது. முடிந்ததும் தலைவர் சீறினார்.

"இன்னாப்பா வாசிக்கிற? எறங்கு, அண்ணன் வாசிக்கட்டும்."

நான் நல்லவன்போல, "கம்பிய பாத்தியா தம்பி?" என்றேன்.

"நீங்க சேத்த சுருதி தப்பாவாதுண்ணே. என் வெரலுதான் தப்பு," என்றான். கண் கலங்கியிருந்தது.

தலைவரிடம் ஒரு நிமிடம் பொறுக்கச் சொல்லிவிட்டு, கிடாரை வாங்கிக் கம்பியை முறுக்கிக் கொடுத்தேன். அடுத்த இரண்டு பாட்டையும் பிரமாதமாக வாசித்தான். புதுக் கம்பி தானாகத் தளர்ந்துவிட்டது என்று நினைத்தான்போல, இறங்கி வந்து எனக்கு நன்றி வேறு சொன்னான். உண்மையை நான் சொல்லவில்லை.

இன்றும் என் காதைப் பலர் புகழ்கிறார்கள். அவனைப் போல அதை நம்பியவர் யாருமில்லை.