சிவகரன் கொடுக்காத வாக்கு

சிவகரனுக்கு ஓரிடத்தில் இருக்க வராது. தீயணைப்புப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்து ஆறு வருடங்கள். ஊர் ஊராகப் போய்த் தீ விபத்துகளைப் பற்றிச் சொல்லிக்கொடுப்பதும் அவர் வேலை. ஆவணி மாதம் எங்கள் ஊர்ப் பொதுநோக்கு மண்டபத்துக்கு வந்தார். தீயணைப்பு வண்டியைக் கூப்பிடும் நூற்றிப்பத்து எண்ணைச் சுவரில் ஒட்டினார். எண்ணெய் பற்றி எரியும் தாச்சிச் சட்டியை ஈரச் சாக்கால் மூடிக் காட்டினார். கதைத்தபடியே மூலைக்கு மூலை நடந்தார்.

"ஆருக்கும் ஏதும் கேக்க இருக்கோ?"

கமலாசனி எழுந்தார். கூலி வேலைக்குப் போய்ப் பிள்ளைகளை வளர்ப்பவர். பற்றைக்காடு மூடிக் கிடக்கும் தன் அரை ஏக்கரில் இந்த மழைக்காவது கச்சான் கடலை போட வேண்டும் என்பது அவருடைய எண்ணம்.

"தம்பி, நாளைக்குக் காணிக்கு நெருப்பு வைக்கப்போறன். வந்து நிப்பியளோ?"

மண்டபம் சிரித்தது. சிவகரன் சிரிக்கவில்லை. இங்கே பலர் செய்வதுதான். போர்க்காலத்தில் விழுந்து வெடிக்காத செல் ஏதும் மண்ணில் கிடந்தால் நெருப்பில் வெடித்துவிடும், பிறகு பயமில்லாமல் கொத்தலாம் என்று நம்புகிறார்கள்.

"எரிச்சால் எல்லாம் வெடிக்காதம்மா. ஆழத்தில கிடக்கிறது நீங்கள் மண்வெட்டியைப் போடேக்கதான் வெடிக்கும்."

"பக்கத்துக் காணியில மூண்டு வெடிச்சது. இப்ப அவை மரவள்ளி நட்டிருக்கினம்."

"நாலாவது இல்லையெண்டு ஆர் சொன்னது?"

"சரி, நெருப்பு மிஞ்சினால் நூற்றிப்பத்துக்கு அடிக்கச் சொன்னனீங்கள்தானே?"

சிவகரன் நடப்பதை நிறுத்தினார்.

"அடியுங்கோ, வண்டி வரும். ஆனால் உள்ளுக்க வெடிச்சால் நாங்கள் ரோட்டிலதான் நிப்பம். உங்கட வீடு எரிஞ்சாலும் இறங்கமாட்டம்."

"அப்ப என்னத்துக்கு நம்பர்? சுவரில ஒட்டி அழகு பாக்கவோ?"

இந்தமுறை மண்டபம் சிவகரனைப் பார்த்துச் சிரித்தது. அவர் அப்படி ஒருமுறை ரோட்டில் நின்றிருக்கிறார். கண்ணெதிரே மாட்டுக் கொட்டில் எரிந்தது, மாடுகள் கத்தின. அதற்குப் பிறகுதான் இந்த ஊர் சுற்றும் வேலையைத் தானாகக் கேட்டு எடுத்தார்.

"வெடி எடுக்கிற ஆக்களுக்கு அறிவிச்சனீங்களோ?"

"மனுக் குடுத்து எட்டு மாசம். ஒருத்தரும் வரேல்லை."

"ஒரு கிழமை தாங்கோ."

"ஒரு கிழமைதான். பிறகு நீங்கள் ரோட்டில நில்லுங்கோ."

மனுவின் பிரதியோடு சிவகரன் வெடி எடுப்பவர்களின் அலுவலகத்துக்கு மூன்று முறை போனார். லீவு நாளிலும் போனார். பின்னேரங்களில் கமலாசனிக்குப் போன் எடுப்பார்.

"நெருப்புப்பெட்டி எங்க?"

"குசினிக்க, அடுப்படியில. பொலிஸ்காரன் மாதிரிக் கேக்காதேங்கோ."

ஏழாம் நாள் காலை தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று பலமாக வீசியது. கமலாசனி பற்றையைக் கொளுத்தக் காய்ந்த தென்னோலையைப் பந்தம்போலச் சூளாகக் கட்டிக்கொண்டிருந்தார். சிவகரன் வேலிப் படலையடியில் அங்கும் இங்கும் நடந்தார், நேரத்தைப் பார்த்தார், மீண்டும் நடந்தார்.

பத்து மணிபோல வெடி எடுப்பவர்களின் வாகனம் வந்தது. உலோகம் காட்டும் கருவியைப் பிடித்தபடி வேலியோரமாகப் போன ஒருவர் ஏழெட்டு அடியிலேயே நின்றுவிட்டார். கமலாசனி நாள்தோறும் தண்ணீர்க் குடத்தோடு நடக்கும் ஒற்றையடிப் பாதைக்குப் பக்கத்தில், ஒரு முழ ஆழத்தில், வெடிக்காத ஒரு மோட்டார் செல். மாலைக்குள் காணியைச் சுற்றி, உள்ளே போகக்கூடாது என்று காட்டும் சிவப்புத் தலைத் தடிகள் நட்டார்கள். முழுவதும் எடுத்து முடிக்க மூன்று மாதமாகும் என்றார்கள்.

கமலாசனி சூளை வேலியோரம் போட்டார்.

"அப்ப இந்தமுறை கச்சான் இல்லை."

சிவகரன் படலையடியில் நிறுத்தியிருந்த மோட்டார் சைக்கிளை நோக்கி நடந்தார்.

"தம்பி, முத்தையன்கட்டில என்ர தங்கச்சியும் நாளைக்கு எரிக்கப்போறாளாம். நான் சொன்னால் கேக்கமாட்டாள். நீங்கள் போய் ரோட்டுக் கதையைச் சொல்லுங்கோ."

அவர் வழி சொல்லி முடிக்குமுன்னே சிவகரன் மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பிவிட்டார்.