அக்காவின் பெயர்

டென்மார்க்கின் இக்காஸ்ட் நகர முதியோர் இல்லத்தில் யாராவது "ஆக்னேஸ்" என்று கூப்பிட்டால் அவள் உடனே வருவாள். ஆனால் வருமுன் ஒருதரம் பின்னால் திரும்பிப் பார்ப்பாள். கூட வேலை செய்கிறவர்கள் கழுத்துப் பிடிப்பு என்று நினைத்தார்கள். கழுத்துக்கு ஒரு கேடும் இல்லை. கூப்பிட்டது அக்காவை, அக்கா வந்துவிட்டாளோ என்ற பயம்தான்.

மன்னாரில் மெய்யான ஆக்னேஸுக்குப் பாஸ்போர்ட்டும் டிக்கெட்டும் கைக்கு வந்த கிழமையே காய்ச்சலும் வந்தது. அடக்கம் முடிந்த கையோடு தகப்பன் அந்தோனிமுத்து இளையவளைப் பார்த்தார். இருவருக்கும் ஒரே முகச்சாடை.

"நீ போ பிள்ளை. இனி நீதான் ஆக்னேஸ்."

சண்டைக்காலம். மிஞ்சிய ஒருத்தியையாவது தப்ப வைக்க நினைத்த மனிசனை யார் குறை சொல்வது? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று. கலியாணப் பதிவும் டெனிஷ் குடியுரிமையும் செத்தவளின் பெயருக்கே வந்தன. கட்டியவனுக்கும் அவள் சொல்லவில்லை.

அந்தப் பெயரோ லேசில் விடுகிற பெயர் இல்லை. கிரேக்கத்தில் பிறந்தது, தூய்மை என்று பொருள். ரோமாபுரியில் ஒரு சிறுமி வேதசாட்சியாகி அதைப் பலிபீடத்தில் ஏற்றினாள். பிறகு குருமாரோடு கப்பலேறி மன்னாருக்கும் வந்தது. இங்கே அவள் குளிப்பாட்டுகிற கிழவிகளில் இரண்டு பேர் ஆக்னேஸ். அவர்களோடு அது போய்விடும் என்று பார்த்தால், இப்போது பாலர் பள்ளி வாசலில் டெனிஷ் தாய்மார் தங்கள் பிள்ளைகளைக் கூவி அழைப்பதும் அதையேதான். கேட்கும்போதெல்லாம் அவளுக்கு நெஞ்சு திடுக்கிடும்.

மகள் நிறோஷினி கைக்குழந்தையை மடியில் ஆட்டியபடி சொன்னாள்: "அம்மா, பேபிக்கு உங்கட பேர்தான். ஆக்னேஸ். ஞாயிறு ஞானஸ்நானம், பாதரிட்டயும் சொல்லிட்டன்."

அவள் குழந்தையைப் பார்த்தாள். தன் பொய்யை இந்தப் பச்சை மண்ணின் தலையிலும் ஊற்றுவதா? சொன்னால் மகள் இனித் தன்னை எந்தக் கண்ணால் பார்ப்பாள்?

"அது என்ர பேரில்லை, பிள்ளை," என்று தொடங்கியவள், அக்காவின் காய்ச்சலையும் அடக்கத்தையும் விமானம் ஏறியதையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

நிறோஷினி மடியை ஆட்டுவதை நிறுத்தினாள். பிறகு, "அப்ப வேற பேர் வைக்கட்டே?" என்றாள்.

"வேண்டாம். அதையே வை. ஆனா உன்ர பெரியம்மான்ர பேரெண்டு சொல்லி வை. நான் இரவல் வாங்கினது. திருப்பிக் குடுக்க எனக்கு வேற வழி தெரியேல்லை."

"உங்கட பேர் என்னம்மா?"

"விக்ரோரியா." சொல்லும்போது நா கூசியது.

மகள் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கூப்பிட்டுப் பார்த்தாள்.

"விக்ரோரியா..."

அவள் பின்னால் திரும்பிப் பார்த்தாள்.