கறுப்பாக இருந்தாலும்

நாங்கள் வசிக்கும் அமெரிக்க ஊரான ஃப்ரீமாண்ட்டிலிருந்து நாற்பது நிமிட தூரத்தில் இருக்கும் அருங்காட்சியகம் அது. அங்குள்ள பறவைகளுக்குத் தமிழில் ஒலிக்குறிப்பு எழுதிப் பேசும் வேலையை நானே கேட்டு வாங்கினேன். சம்பளம் கிடையாது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ஹெட்போன் மாட்டிக்கொண்டு நடக்கும் தமிழர்கள் என் குரலைக் கேட்கப்போகிறார்கள் என்பதில் எனக்கு அவ்வளவு கர்வம்.

பதிவுக்கு முன் யாருக்காவது வாசித்துக் காட்ட வேண்டும் என்றார்கள். பக்கத்து வீட்டு அக்காவையும் அவருடைய பத்து வயது மகளையும் அழைத்துப் போனேன்.

முதலில் பிளாக் கிரவுஸ். ஐரோப்பாவின் குளிர்ந்த மேட்டு நிலங்களில் வாழும் காட்டுக்கோழி. கண்ணாடிக்குள் பாடம் செய்த சேவல் நின்றது. அதன் குரலை 'உலை கொதிப்பது போல' என்றும், வாலை 'யாழ் போல வளைந்தது' என்றும் எழுதியிருந்தேன். மூன்று வாரம் தேடிய சொற்கள். நிமிர்ந்து நின்று வாசித்தேன்.

"கறுப்பாக இருந்தாலும், கண்ணைப் பறிக்கும் அழகுள்ள பறவை இது…"

"செமயா இருக்குடி! நியூஸ் வாசிக்கிற மாதிரியே இருக்கு," என்றார் அக்கா.

அக்காவின் மகள் கண்ணாடியிலிருந்து திரும்பினாள். "ஆன்ட்டி, ஒய் ஆர் யூ சாரி தட் இட்ஸ் பிளாக்?"

எனக்குப் புரியவில்லை. கறுப்பாக இருப்பதற்காக நான் எங்கே வருத்தப்பட்டேன்?

அக்கா சிரித்தார். "ஏய், வாலு! தமிழ்ல அப்படித்தான்டி சொல்லுவோம். ஊர்ல பாட்டி உன்னைச் சொல்ல மாட்டாங்களா, கறுப்பா இருந்தாலும் களையா இருக்கான்னு?"

"ஐ நோ," என்றாள். மறுபடி பறவையின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கையிலிருந்த தாளில் அந்த வரியை மறுபடி படித்தேன். என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் அம்மா சொன்னது நினைவுக்கு வந்தது: "கறுப்பா இருந்தாலும் படிச்ச பொண்ணுங்க." அதைப் பாராட்டு என்றுதான் இத்தனை வருடமும் வைத்திருந்தேன். நான் முதுகலை முடித்தபோதும் உறவினர்கள் அதையேதான் சொன்னார்கள். நானும் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டேன்.

யாரும் கேட்காமலே அதை இந்தப் பறவையின் தலையிலும் நான் கட்டியிருக்கிறேன்.

அவசரமாகத் தாள்களைப் புரட்டினேன். அண்டங்காக்கை: 'நிறம் கறுப்புதான், ஆனால் அறிவில்…' நீர்க்காகம்: 'கறுப்பு உடலானாலும்…' பெட்டைக் கிரவுஸைப் பற்றி ஒரே வரி: 'பெட்டை மங்கலான பழுப்பு, சொல்லும்படி எதுவுமில்லை.' எல்லாம் என் கையெழுத்து. எந்தப் புத்தகத்திலிருந்தும் எடுத்ததல்ல.

பதிவு அறையின் கதவு திறந்தது. ரெடியா என்று கேட்டார்கள். இன்று விட்டால் இந்தக் கண்காட்சிக்குத் தமிழ் கிடையாது, சீனமும் ஸ்பானிஷும் மட்டும்தான் என்று முன்பே சொல்லியிருந்தார்கள்.

"இல்லை, நான் ரெடியில்லை," என்றேன். எந்தப் பரீட்சை வாசலிலும் நான் சொல்லாத வார்த்தை அது.

அக்கா என் கையைப் பிடித்து இழுத்தார். "பைத்தியமா உனக்கு? ஒரு வார்த்தைக்காகவாடி?"

அந்தச் சிறுமி சேவலுக்கு நேராக நின்றிருந்தாள். கண்ணாடியில் அவள் முகமும் தெரிந்தது. சேவலின் கழுத்தில் நீலம் மின்னியது. அந்த நீலத்தைப் பற்றி நான் ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை.