பூட்டிய வீடுகளின் பதில்

“நாங்க என்ன சொன்னாலும் நீ எழுத வந்ததைத்தானே எழுதப் போற? பின்ன எதுக்கு வீடு வீடா ஏறி எறங்குற?”

கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும், எங்களைப் போலவே தமிழ் பேசும் ஓர் அக்கா, ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னிடம் இப்படிக் கேட்டார். இடப்பள்ளியில் ஒரு மாலில் அவருக்குத் தரை துடைக்கும் வேலை. வாரத்தில் மற்ற நாள்களில் அவரைப் பகலில் பார்க்கவே முடியாது.

கோழிக்கடை வாசலில் காத்து நின்றபோது பேச்சை ஆரம்பித்தது நான்தான். எங்கள் பகுதியில் குடிநீர் எப்படிக் கிடைக்கிறது என்று எங்கள் கல்லூரித் துறை நடத்திய கணக்கெடுப்பு அப்போதுதான் முடிந்திருந்தது. பெரும்பாலான வீடுகளுக்குத் தண்ணீர் போதுமான அளவு வருகிறது என்பது அதன் முடிவு. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அம்மா கார்ப்பரேஷனில் தெரு கூட்டுகிறார். அப்பா, முதுகு போகும்வரை மசாலாக் கிடங்கில் மூட்டை தூக்கினார். அந்த வீட்டிலிருந்து போய் ஓர் ஆராய்ச்சி மாணவியாக நின்று ஒரு முடிவைச் சொல்வதில் எனக்குப் பெருமை இருந்தது. இப்போதும் இருக்கிறது. அதனால்தான் யாரும் கேட்காமலே சொன்னேன்.

அக்கா, தன் வீட்டுக்கு வந்தாயா என்று கேட்டார். வந்தேன், பூட்டியிருந்தது என்றேன். அப்புறம் என்ன செய்தாய் என்றார். அடுத்த வீட்டில் கேட்டேன் என்றேன். அடுத்த வீட்டில் மோட்டாரும் டாங்கும் இருக்கிறது, அவர்களுக்கு என்ன குறை என்றார். அதற்குப் பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது. கோழி வெட்டிக்கொண்டிருந்தவர்கூடச் சிரித்தார்.

வீடு வந்து சேரும்வரை எனக்குக் கோபம் அடங்கவில்லை. நாங்கள் எதையும் இட்டுக்கட்டவில்லை. வெயிலில் நடந்தோம், கேட்டோம், சொன்னதைச் சொன்னபடியே எழுதினோம். கதவு பூட்டியிருந்தால் அடுத்த வீட்டுக்குப் போகலாம் என்பது எங்களுக்குக் கொடுத்திருந்த விதி. அதைத்தான் பின்பற்றினோம். எர்ணாகுளத்திலிருந்து குழு காலைப் படகில் வரும். பத்து மணிக்குத் தொடங்கி, மூன்றரைக்குள் முடித்துத் திரும்பிவிடுவோம்.

எங்கள் பகுதிக் குழாயில் தண்ணீர் வருவதும் பத்து மணிக்கு மேல்தான். மத்தியானத்துக்குள் நின்றுவிடும்.

இந்த இரண்டும் எனக்குத் தனித்தனியாக நன்றாகத் தெரியும். ஆனால் சேர்த்து வைத்துப் பார்த்ததில்லை. எங்கள் வீட்டில் அப்பா பகல் முழுவதும் இருக்கிறார், குடங்கள் நிறைந்திருக்கும், அதனால் எனக்கு உறைக்கவே இல்லை. அன்று குழம்புக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கும்போதுதான் கை நின்றது. குழாயில் தண்ணீர் வரும் நேரத்தில் வீட்டில் இருப்பவர்கள்தான் நாங்கள் போகும் நேரத்திலும் வீட்டில் இருப்பார்கள். தண்ணீர் பிடிக்க ஆள் இல்லாமல் எல்லோரும் வேலைக்குப் போன வீட்டில்தான் பூட்டுத் தொங்கும். தண்ணீர் கிடைத்தவர்களிடம் போய்த் தண்ணீர் கிடைக்கிறதா என்று கேட்டுவிட்டு வந்திருக்கிறோம்.

ஒரு மாதத்தில் அந்த அறிக்கை, மாலையிலும் தண்ணீர் விட வேண்டிய பகுதிகளைத் தீர்மானிக்கும் அலுவலகத்துக்குப் போக வேண்டும். அப்படியே போனால் எங்கள் பகுதி அந்தப் பட்டியலில் வராது.

மறுநாள் என் வழிகாட்டியான டீச்சரிடம் சொன்னேன். கேரளத்தில் கல்லூரிப் பேராசிரியரையும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவோம். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னதை, மகளே என்பதற்கு அவர் சொல்லும் மோளேயை மட்டும் அப்படியே விட்டு, தமிழில் எழுதினால் இப்படி இருக்கும்: “ஒரு அக்கா சொன்னது ஒரு அக்கா சொன்னது மட்டும்தான், மோளே. நீயும் அவங்களும் ஒரே இடத்துக்காரங்க வேற. எனக்கு இது போதாது.” அறிக்கை போகும்வரை நேரம் தருவதாகவும், அதற்குள் காட்ட முடிந்தால் காட்டு என்றும் சொன்னார். குழுவை மறுபடி அனுப்பப் பணம் இல்லை.

நான் வெளியே வந்தேன். எனக்கு வலித்தது, ஒரே இடத்துக்காரி என்று சொன்னதுதான். படகுத்துறைக்கு நடந்து போகும்போது அவர் சொன்னது சரி என்று தோன்றியது. அதுவும் வலித்தது.

இடக்கொச்சியிலிருந்து வரும் என் தோழி கடல் உயிரியல் ஆய்வகத்தில் இருக்கிறாள். மீன் பிடிக்கும் குடும்பம். மலையாளிதான் என்றாலும் என்னோடு சேர்ந்து ஒரு மாதிரித் தமிழ் பேசுவாள். அவர்கள் ஆய்வகத்தில் இறால் குஞ்சுகளை எண்ணுகிறவருக்கு, அவை எந்தத் தொட்டியிலிருந்து வந்தவை என்று சொல்ல மாட்டார்களாம். புதுத் தீனி போட்ட தொட்டி என்று தெரிந்துவிட்டால், சாகக் கிடக்கும் குஞ்சுகூட உயிரோடு இருப்பதாகத் தெரியுமாம். நான் மாலை நேரத்தில் பூட்டிய வீடுகளுக்குத் தனியாகப் போகப் போகிறேன் என்றதும் அவள் கூடாது என்று தலையை ஆட்டினாள்.

“எடி, நீ கேட்டா அவங்க உனக்கு வேண்டியதுதான் சொல்லும். நான் கேக்கறேன். நீ தெருவுல நின்னா மதி.”

மதி என்றால் போதும். அத்தோடு விடவில்லை. எந்த மாதிரிப் பதில் வந்தால் நான் நினைத்தது தவறு என்று ஒத்துக்கொள்வேன் என்பதை முதலிலேயே எழுதி டீச்சருக்கு அனுப்பிவிட்டு வா என்றாள். பூட்டிய வீடுகளிலும் மற்ற வீடுகளைப் போலவே தண்ணீர் இருந்தால் பழைய அறிக்கையே போகட்டும் என்று எழுதி அனுப்பினேன். ஆராய்ச்சி முறை பற்றி எங்கள் துறையில் ஒரு பாடம் முழுவதும் படித்திருக்கிறேன். இறால் எண்ணுகிறவர்களிடமிருந்து கற்க வேண்டியது இருக்கும் என்று அதில் யாரும் சொல்லவில்லை.

அந்த மாதம் மாலைதோறும் போனோம். முன்பு பூட்டியிருந்த வீடுகளுக்கு மட்டும். அவள் உள்ளே போவாள், நான் தெருமுனையில் நிற்பேன். புது முகத்தைப் பார்த்துச் சிலர் சிட்பண்டுக்கு ஆள் சேர்க்க வந்தவள் என்று கதவைச் சாத்தினார்கள். ஒரு வீட்டில் பெண் பார்க்க வந்தவர்களின் சொந்தக்காரி என்று நினைத்து, சாயாவும் பழம்பொரி என்கிற வாழைப்பழ பஜ்ஜியும் கொடுத்து உட்கார வைத்துவிட்டார்கள். அவள் பழம்பொரியைத் தின்றுவிட்டுத்தான் உண்மையைச் சொன்னாள்.

ஒரு வீட்டில் மாலையிலும் பூட்டுத் தொங்கியது. திரும்பலாம் என்று அவள் படி இறங்கியபோது ஜன்னலுக்குள்ளிருந்து ஓர் ஆண் குரல், யாரது என்றது. உள்ளே ஆள் இருக்கிறதா என்று இவள் திகைத்துக் கேட்டாள்.

“பின்ன கதவா பேசுது? சாவி அவகிட்ட இருக்கு. கேக்கறத ஜன்னல் வழியாக் கேளு.”

ஹோட்டலில் இரவு முழுவதும் சமைக்கிறவர் அவர். பகலில்தான் தூக்கம். யாரும் தட்டி எழுப்பிவிடக் கூடாது என்று மனைவி வெளியே பூட்டிவிட்டு வேலைக்குப் போகிறார். இப்படி இன்னும் சில வீடுகள் இருந்தன. குழாயில் தண்ணீர் வரும்போது உள்ளே ஆள் இருந்தும், வெளியே வந்து பிடிக்க முடியாது. எங்கள் கணக்கில் அவை ஆளில்லாத வீடுகள். இதை நான் எதிர்பார்க்கவே இல்லை.

எதிர்பாராதது வேறு பக்கத்திலும் இருந்தது. வல்லார்பாடத்தில் கண்டெய்னர் வேலைக்குப் போகிற ஒருவரின் வீட்டில் பெரிய டாங்க். குழாய் திறந்தே கிடக்கும், தானாக நிறையும். அவருக்கு ஒரு குறையும் இல்லை. அது போலவும் பல வீடுகள். தெருமுனையில் நின்று அதைக் கேட்டபோது எனக்கு உள்ளூர ஏமாற்றமாக இருந்தது. ஒருவருக்குத் தண்ணீர் கிடைக்கிறது என்பதற்காக நான் ஏமாந்து நிற்கிறேன் என்று தெரிந்தபோதுதான், தோழி ஏன் என்னை உள்ளே விடவில்லை என்று முழுதாகப் புரிந்தது.

கோழிக்கடை அக்காவின் வீட்டுக்கும் முறை வந்தது. அவர் வாசலிலேயே நின்று பதில் சொன்னார். எனக்குக் கேட்டது.

“பக்கத்து வீட்டுக்காரி ரெண்டு குடம் நெறச்சு வெப்பா. அவளுக்கு மனசு சரியில்லாத நாள்ல அதுவும் இல்ல.” பிறகு தெருமுனையைப் பார்த்துக் குரலை உயர்த்தினார். “ஏண்டி, உள்ள வர மாட்டியா? டாக்டரம்மாவுக்கு நம்ம சாயா பிடிக்காதோ?”

வேலை முடியட்டும், பிறகு வந்து குடிக்கிறேன் என்றேன். கடைசி வீடு முடிந்த அன்று போய்க் குடித்தேன்.

பூட்டிய வீடுகளில் பாதிக்கு மேல் தண்ணீர் போதவில்லை. நான் நினைத்த அளவு மோசமில்லை, ஆனால் அறிக்கை சொன்னதற்கு வெகு தூரம். டீச்சர் எல்லாவற்றையும் படித்தார். சில கேள்விகளை மாற்றி மாற்றிக் கேட்டார். முடிவில், முதல் முடிவை அழிக்கக் கூடாது, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும், முதலில் எதைப் பார்க்காமல் விட்டோம் என்பதையும் எழுத வேண்டும் என்றார். அதற்கு அவரே உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதினார். அறிக்கை அந்த வடிவில்தான் போனது. எங்கள் பகுதி பட்டியலில் வந்திருக்கிறது. மாலைத் தண்ணீர் இன்னும் வரவில்லை.

அதன் பிறகு கல்லூரியில் எல்லாத் துறையினரும் வரும் கருத்தரங்கில் இதைப் பேசச் சொன்னார்கள். பேசி முடித்ததும் வேதியியல் மாணவர் ஒருவர், வரைபடக் கோட்டோடு பொருந்தாத அளவுகளைக் கருவிக் கோளாறு என்று ஒதுக்கிவிடுவது தங்கள் வழக்கம், அதில் எத்தனை உண்மையிலேயே கோளாறு என்று பார்த்ததில்லை என்றார். வரலாற்றில் ஆராய்ச்சி செய்கிற ஒரு சேச்சி, துறைமுகத் தொழிலாளர்களைப் பற்றி எழுதுகிறவர், ஏதாவது எழுதி வைத்துப் போனவர்களை மட்டுமே தானும் கேட்டிருப்பதாகவும், எழுதத் தெரியாதவர்கள் விட்டுப்போனதாகவும் சொன்னார். மூத்த பேராசிரியர் ஒருவருக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. விட்டதையெல்லாம் நாமே எழுதிக் கொடுத்தால் ஆய்வேட்டை மதிப்பிடும் தேர்வாளர் அதையே பிடித்துக்கொள்வார் என்றார். பிடித்துக்கொள்ளட்டுமே என்றார் எங்கள் டீச்சர்.

மூன்று நான்கு துறைகள் ஒத்துக்கொண்டன. இனி ஆய்வேட்டில் எதை விட்டோம், ஏன் விட்டோம் என்று ஒரு பகுதி இருக்கும். மாதம் ஒரு முறை, ஒருவர் எழுதியதை வேறு துறைக்காரர் ஒருவர் படித்துக் குறை சொல்வார். முதல் கூட்டத்தில் இரண்டு பேர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனார்கள். அடுத்த கூட்டத்துக்கு இருவருமே வந்தார்கள்.

என் ஆய்வைப் படிக்க வந்தவர் வேறு கல்லூரியில் புள்ளியியல் படிப்பவர். கேள்வியைத் தோழி கேட்டிருந்தாலும் தெருமுனையில் நின்றது நான், என் முகத்தைத் தெரியாதவர்கள் அங்கே யாரும் இல்லை என்றார். இதை அந்த இடத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லாதவர்கள் மறுபடி செய்து பார்க்க வேண்டும், தன் கல்லூரியில் அதற்கு மாணவர்கள் இருக்கிறார்கள் என்றார். டீச்சர் என்னைத் தனியே கூப்பிட்டு, யோசித்துக்கொள் என்றார். அவர்களுக்கு வேறு முடிவு கிடைத்தால் என் ஆய்வேட்டில் ஓர் அத்தியாயம் போகும், பட்டியலையும் மறுபடி திறப்பார்கள்.

வீட்டில் சொன்னேன். அம்மா முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“தப்புன்னு வந்தா?”

“தப்புன்னு எழுதுவேன்மா.”

“படிச்சதும் நீ, பரீட்சை வெக்கச் சொல்லறதும் நீயா?” என்றார் அம்மா. ஆனால் சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

போன வாரம் எங்கள் கேள்விகளையும் வீடுகளைத் தேர்ந்தெடுத்த முறையையும் அவர்களிடம் ஒப்படைத்தேன். பதில்களைக் கொடுக்கவில்லை. நேற்று மாலை அவர்கள் முதல் தெருவிலிருந்து தொடங்குவதாக இருந்தது. அவர்கள் வந்து இறங்குவதற்கு முன்பே நான் எர்ணாகுளம் போகும் படகில் ஏறிவிட்டேன்.