ஐயாவின் திவசத்தன்று கிளித்தட்டு

ஐயாவை நான் கண்டதில்லை. நான் அம்மாவின் வயிற்றில் இருந்தபோதே அவர் வெள்ளைக்காரனின் பட்டாளத்தில் சேர்ந்து எகிப்துக்குக் கப்பலேறிவிட்டார். நான் தவழத் தொடங்கிய நாட்களில், அவர் போரில் இறந்துவிட்டார் என்று ஒரு கடிதம் வந்ததாம். காக்கி உடுப்பில், மூச்சைப் பிடித்துக்கொண்டு விறைத்து நிற்கும் ஒரு படம்தான் எனக்குத் தெரிந்த ஐயா. அந்த முகத்தைப் பார்த்துப் பார்த்து, அவர் மிகவும் கண்டிப்பான மனிதராக இருந்திருப்பார் என்று நானே முடிவு செய்து வைத்திருந்தேன்.

அம்மா அவரோடு வாழ்ந்தது ஒரு வருடம்கூட இல்லை. வன்னியில், ஒட்டுசுட்டானுக்கு அப்பால் குளத்தின் கீழ் அரசாங்கம் காணி கொடுத்தபோது, மாமா எங்களையும் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாணத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறினார். படமும் வைக்கோல் சுற்றி வண்டியில் வந்தது. கடிதத்தில் இருந்த தேதிக்கு ஐயர் கணித்துச் சொன்ன திதி மாசியில் வரும். அன்று அம்மா விடியவே முழுகி, சமைத்து, படைத்து, பிறகு சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிடுவார். யாரோடும் பேச மாட்டார். நானும் எதுவும் கேட்பதில்லை.

எனக்குப் பதினேழு வயதாகியிருந்த தை மாதத்தில் ஒரு பகல், முல்லைத்தீவிலிருந்து துணி விற்கும் ஒருவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு எங்கள் வேலிப் படலைக்குள் வந்தார். தொப்பி, கட்டம் போட்ட சாரம், நல்ல தொந்தி. இந்தப் பக்கத்துக்கு அவர் புதியவர். நான் பாயை விரித்தேன். அவர் சீத்தைத் துணிகளை ஒவ்வொன்றாக விரித்துக் காட்டிக்கொண்டிருந்தவர், தண்ணீர் குடிக்க நிமிர்ந்தபோது சுவரில் இருந்த படத்தைக் கண்டார். செம்பு அப்படியே கையில் நின்றது.

“அட கள்ளா! நீ இஞ்சையோ இருக்கிறாய்?”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “அது என்ர ஐயா” என்றேன்.

அவர் என்னையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். “மகளோ? மூக்கு அவன்ர மூக்குத்தான்” என்றார். அவருடைய கண்கள் நிறைந்துவிட்டன.

சத்தம் கேட்டு, அடுப்பை விட்டு, குசினிக்குள் இருந்து அம்மா வந்தார். துணிக்காரர் எழுந்து நின்றார். “தங்கச்சி, நானும் இவனும் ஒரே கூடாரம். எகிப்திலை ரெண்டு பேரும் ஒண்டாத்தான் இருந்தனாங்கள்.”

அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். “இருங்கோ நானா” என்று, முஸ்லிம் அண்ணன்மாரை அழைக்கும் முறையில் மட்டும் சொன்னார். நான் கதிரையை எடுத்து வைத்தேன்.

“சண்டை முடிஞ்சு வந்த உடனை உங்கட ஊருக்கு வந்தனான் தங்கச்சி. படலை வரைக்கும் வந்தனான். உள்ளை சின்னப்பிள்ளை அழுறது கேட்டுது. எனக்குத் துணிவு வரேல்லை. திரும்பிப் போட்டன். பிறகு ஒருக்கால் வர, நீங்கள் வன்னிக்குப் போட்டியள் எண்டு சொல்லிச்சினம்.”

“அவர் அங்கை எப்பிடி இருந்தவர்?” அம்மா மெதுவாகக் கேட்டார்.

நானா பெரிதாகச் சிரித்தார். “எப்பிடியோ? ஒரு இடத்திலை இருந்தால்தானே சொல்ல! அங்கை பின்னேரத்திலை வேலை ஒண்டும் இல்லை. சுத்திவர மணல். இவன் ஒருநாள் மண்வெட்டிப் பிடியாலை மணலிலை கோடு கீறத் தொடங்கினான். என்னடா செய்யிறாய் எண்டு கேட்டால், கிளித்தட்டு எண்டுறான்!”

வன்னியில் கிளித்தட்டு தெரியாதவர் இல்லை. குறுக்குக் கோடுகளில் ஆட்கள் மறித்து நிற்பார்கள். நடுக்கோட்டில் ஓடி ஓடிக் கையால் தொட்டு அடிப்பவர் கிளி. அடிபடாமல் எல்லாக் கோடுகளையும் கடந்து திரும்பி வந்தவர் பழம். அதை ஐயா பட்டாள முகாம் முழுவதற்கும் பழக்கிவிட்டாராம். பஞ்சாபிக்காரர், ஆபிரிக்காக்காரர், கடைசியில் வெள்ளைக்காரச் சார்ஜன்ட்டும் வந்து சேர்ந்தாராம்.

“சார்ஜன்ட் ஆனை மாதிரி ஆள். அவரைக் கிளியாய் விட்டாச்சு. இவன் முன்னாலை போய் நிண்டு இடுப்பை ஆட்டி ஆட்டிக் காட்டுறான். அவர் பாய, இவன் அவர்ர காலுக்கை பூந்து அங்காலை போட்டான்! அவர் முகங்குப்புற மணலிலை. நாங்கள் எல்லாரும் செத்தம் எண்டு நிக்கிறம். அவர் எழும்பி, வாயிலை இருந்த மணலைத் துப்பிப்போட்டு, ‘பளம், பளம்’ எண்டு கத்துறார்.”

நானா எழுந்து நின்று, தொந்தியோடு இடுப்பை ஆட்டிக் காட்டினார். அம்மாவின் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகிறார் என்று நினைத்துத் திரும்பினேன். அம்மா சிரித்துக்கொண்டிருந்தார். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தியும் அடங்காமல், உடம்பு குலுங்கச் சிரித்தார். அம்மா அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

சிரிப்பு ஓய்ந்த பிறகு கேட்டார். “அவர் போகேக்கை பக்கத்திலை ஆரும் இருந்தவையோ?”

“நான் இருந்தனான்.” நானா கதிரையில் உட்கார்ந்தார். “தண்ணி ஏத்தப் போன லொறிக்குப் பக்கத்திலை குண்டு விழுந்தது. என்ர மடியிலைதான் கிடந்தவன். தண்ணி கேட்டவன், குடுத்தனான், குடிச்சவன். கனநேரம் இல்லை தங்கச்சி. அவனைப் புதைக்கக் கிடங்கு வெட்டினதும் நான்தான். அவன்ர பேரைப் பலகையிலை எழுதி நட்டுப்போட்டுத்தான் வந்தனான்.”

அம்மா தலையை ஆட்டினார். பிறகு, “சாப்பிட்டுத்தான் போகவேணும்” என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போனார்.

அன்று மாலை மாமாவிடம் அம்மா சொன்னது வீட்டையே கலக்கிவிட்டது. வரும் திவசத்துக்குக் காலையில் வழக்கம்போலப் படையல். பின்னேரம் நெல் அரிவி வெட்டிய வயலில் கிளித்தட்டு.

“உனக்கென்ன விசரே? திவசத்திலை விளையாட்டோ? சனம் என்ன கதைக்கும்?”

“கதைக்கட்டும் அண்ணை. பதினாறு வருசம் அழுது பாத்திட்டன். அந்த மனுசன் அழுகிற மனுசன் இல்லையாம்.”

மாமா இரண்டு நாள் அம்மாவோடு பேசவில்லை. மூன்றாம் நாள், வயலில் எந்தப் பக்கம் ஈரம் காய்ந்திருக்கிறது என்று பார்க்கப் போனார்.

திவசத்தன்று நானா பேரீச்சம்பழமும் நாலைந்து கூட்டாளிகளுமாகப் பஸ்ஸில் வந்து இறங்கினார். புதுக்குடியிருப்பிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். எங்கள் குடியிருப்புச் சனம் முழுவதும் வரம்பில் நின்றது. மாமா சாம்பலால் கோடு போட்டார். ஒரு கோடு கோணி இருக்கிறது என்று அழித்துவிட்டுத் திரும்பவும் போட்டார். படத்தை வரம்பில் ஒரு கதிரையில் வைத்தோம். பூமாலையோடு ஐயாவும் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலில் ஆண்கள் ஆடினார்கள். பிறகு நானும் இறங்கினேன். நாலு பெண்கள் பின்னால் வந்தார்கள். நானாதான் கிளி. மூச்சு வாங்க நடுக்கோட்டில் ஓடிக்கொண்டிருந்தவர், வரம்பைப் பார்த்துக் கத்தினார். “தங்கச்சி, நீங்களும் வாங்கோவன்!”

எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள். வெள்ளைச் சேலை உடுத்தவர்கள் நாலு பேர் முன்னால் வேகமாக நடப்பதே குற்றமாக இருந்த காலம். அம்மா சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு வயலுக்குள் இறங்கினார். முதல் கோட்டைக் கடந்தார். இரண்டாவது கோட்டில் மறித்து நின்றவன் கையை நீட்டுவதற்குள் குனிந்து போய்விட்டார். கடைசிக் கோட்டையும் கடந்து திரும்பி வரும்போது நானா எட்டிப் பாய்ந்தார். அம்மா நின்றார், இடப் பக்கம் போவதுபோல் ஆடி, வலப் பக்கத்தால் பறந்தார். நானா அரிவித்தாளில் சறுக்கி விழுந்தார்.

“பழம்!” என்று அம்மா கத்திய சத்தம் குளக்கட்டு வரை கேட்டிருக்கும். வரம்பில் நின்ற சனம் முழுவதும் சேர்ந்து கத்தியது. மாமாவும் கத்தினார்.

அடுத்தநாள் காலை அம்மாவால் எழுந்திருக்க முடியவில்லை. முழங்கால் இரண்டும் வீங்கியிருந்தன. நான் நல்லெண்ணெய் சுட வைத்துத் தேய்த்தேன். வலியில் முனகுவதும் சிரிப்பதுமாக இருந்தவர், “பிள்ளை, உன்ர ஐயா கலியாணம் முடிஞ்ச நாலாம் நாள் என்ன செய்தவர் தெரியுமோ?” என்று தொடங்கினார். அன்று அடுப்பு மூட்ட மதியமாகிவிட்டது.