பொன்னாயியின் முட்டியும் கோயில் நாற்காலியும்

பொன்னாயிக்கு ஞானஸ்நானம் ஆனபோது வயது நாற்பது. மலைமேல் இருக்கும் வாழவந்தி நாட்டில் அவளுடைய உறவுமுறை எல்லாம் மலைச்சாமிகளைக் கும்பிடுகிறவர்கள். நாலைந்து வீட்டுக்காரர்கள் மட்டும் மாதா கோயிலுக்குப் போய்வந்தார்கள். ஆண்டவர் வீட்டில் ஏழை பணக்காரன் என்ற பேச்சே கிடையாது என்று அப்போதிருந்த சாமியார் ஒருநாள் சொன்னார். பொன்னாயி அதை அப்படியே நம்பிச் சேர்ந்துவிட்டாள். மிளகு வியாபாரியைத் தவிர வேறு யார் எதைச் சொன்னாலும் நம்புகிற பிறவி அவள்.

அந்தக் காலத்தில் சாமியார் சொன்னது உண்மையாகவும் இருந்தது. கோயிலில் நாற்காலியே இல்லை. எல்லாரும் பாயில்தான் உட்கார்ந்தார்கள். பிறகு மலைக்குக் கீழே, கீழ்நாட்டிலிருந்து வேலை மாற்றலாகி வந்த வாத்தியார்களும் நர்சுகளும் ஆபீஸ்காரர்களும் பெருகினார்கள். பாவம், அவர்களுக்குத் தரையில் உட்கார்ந்தால் கால் மரத்துவிடும். ஆகவே அவர்களுக்கு ஆளுக்கு ஒன்றாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்தன, ஒன்றுகூட மிச்சமில்லாமல். மலைக்காரர்களுக்கு நாற்காலி கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லை. அப்படி ஒரு எண்ணம் யாருக்கும் வரவே இல்லை, அவ்வளவுதான்.

வாசலில் நின்று வரவேற்பவர் உபதேசியார் ஆரோக்கியசாமி. தங்கமான மனிதர். அவருடைய கண் முகத்துக்குப் போகும் முன்னால் காலுக்குப் போய்விடும். வெடித்த குதிகாலைக் கண்டால் "முன்னாடி வாங்கம்மா" என்று பாய்க்கு அழைத்துப் போவார். தோல் செருப்பைக் கழற்றுகிறவர்களைப் பின்னால் நாற்காலிக்கு அழைத்துப் போவார். இரண்டு பேருக்கும் ஒரே சிரிப்புத்தான். அந்தச் சிரிப்பில் ஓரவஞ்சனை இருந்தது என்று யாராவது சொன்னால் நாக்கு அழுகிப்போகும்.

இப்படியே நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, பொன்னாயியின் முட்டி வீங்கும் வரைக்கும். மரவள்ளிக் காட்டு மேட்டில் ஏறி இறங்கியே தேய்ந்த முட்டி அது. ரோஸ்லின் நர்ஸ் அதை அமுக்கிப் பார்த்துவிட்டு, இனி தரையில் உட்காரவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி மாத்திரையும் கொடுத்தாள். அடுத்த ஞாயிறு பூசையில் ரோஸ்லின் நாற்காலியில் இருந்தாள். அவள் காலடியில், பாயில் பொன்னாயி. மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறீர்களா என்று ரோஸ்லின் குனிந்து அன்போடு விசாரித்தாள்.

பூசை என்றால் சும்மாவா? நிற்க வேண்டும், உட்கார வேண்டும், முழங்காலிட வேண்டும், மறுபடியும் நிற்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் பொன்னாயிக்கு உயிர் போய் உயிர் வந்தது. ஒரு ஞாயிறு சீக்கிரமே வந்து கடைசி வரிசை நாற்காலி ஒன்றில் உட்கார்ந்துவிட்டாள். ஆரோக்கியசாமி அதே சிரிப்போடு வந்தார். உங்களுக்குத் தரை பழக்கம்தானே, அவர்கள் பாவம் பழகாதவர்கள் என்று தன்மையாக எடுத்துச் சொன்னார். பொன்னாயி எழுந்து பாய்க்குப் போனாள். அவமானம் பிடுங்கித் தின்றது. இனி கோயிலுக்கே வருவதில்லை என்றுகூட அன்றைக்கு நினைத்தாள்.

ஆனாலும் திருவிழாவுக்கு வந்தாள். அந்த வருடம் புதிதாகச் சமபந்தி. பெரியவர் சிறியவர் பேதமில்லாமல் எல்லாரும் ஒரே வரிசையில் தரையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று இப்போதைய சாமியார் அறிவித்திருந்தார். நாற்காலிகளை எல்லாம் வெளியே அடுக்கிவிட்டார்கள். முட்டி முடியவில்லை, ஒரு நாற்காலி மட்டும் போட்டால் போதும் என்று பொன்னாயி கேட்டாள். ஆபீசில் மேலாளராக இருக்கிற நந்தகுமார்தான் கோயில் காரியங்களைப் பார்க்கும் பங்குப் பேரவைக்குச் செயலாளர். அவர் பதறிப்போனார்.

"இன்னைக்கு ஒரு நாளாவது நாம எல்லாரும் சமமா இருக்கோணுமுங்க. நீங்க மட்டும் சேருல உக்காந்தா நல்லாவா இருக்கும்?"

அவரே கைத்தாங்கலாகப் பொன்னாயியைத் தரையில் உட்கார வைத்துப் பக்கத்தில் தானும் உட்கார்ந்தார். போட்டோ எடுத்தார்கள். அவர் இலையிலிருந்து ஒரு வடையை எடுத்து அவள் இலையில் வைத்தபோது இன்னொரு போட்டோ.

ரசத்துக்கு முன்பே நந்தகுமாருக்குக் கால் மரத்துவிட்டது. இரண்டு பேர் தூக்கிவிட்டு ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அதைப் பார்த்து ரோஸ்லின் ஒன்று கேட்டாள். சாமியாருக்கும் ஒன்று வந்தது. பாயசம் வருவதற்குள் கீழ்நாட்டுக்காரர்கள் அத்தனை பேரும் நாற்காலிக்கு ஏறிவிட்டார்கள். தரையில் மிச்சம் இருந்தது மலைக்காரர்கள்தான். பொன்னாயியாலும் எழுந்திருக்க முடியவில்லை. அவள் தரையில் உட்கார்ந்தே பழகியவள் என்பதால் யாருக்கும் அது தெரியவில்லை.

அவள் அண்ணாந்து சாமியாரைப் பார்த்தாள்.

"ஏனுங்க சாமி, சமம் முடிஞ்சுதுங்களா? முடிஞ்சுதுன்னா நானும் ஒரு சேருல உக்காந்துக்கறனுங்க."

வேடிக்கையாகச் சொல்கிறாள் என்று நினைத்து நந்தகுமார் உரக்கச் சிரித்தார். சாமியார் சிரிக்கவில்லை. பாயசத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, தன் நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு வந்து போட்டார். இரண்டு பெண்கள் தூக்கிவிட, பொன்னாயி அதில் உட்கார்ந்தாள். பாயசத்தை நிதானமாகக் குடித்தாள். கும்பிடு எதுவும் போடவில்லை.

அடுத்த ஞாயிறு அவள் பாயைத் தாண்டி நேராகப் போய் நடு வரிசை நாற்காலி ஒன்றில் உட்கார்ந்தாள். ஆரோக்கியசாமி இரண்டடி எடுத்து வைத்தார். பீடத்தில் நின்ற சாமியாரின் முகத்தைப் பார்த்தார். வாசலுக்கே திரும்பிவிட்டார். பாயில் இருந்த மலைக்காரக் கிழவி ருக்குமணியும் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, எழுந்து வந்து பொன்னாயிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

நந்தகுமார் அன்றைக்குத் தாமதமாக வந்தார். நாற்காலி ஒன்றும் காலியில்லை. முன்னால் பாயில் பத்துப் பேர் உட்காரலாம், அவ்வளவு இடம் இருந்தது. அவர் அதைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், சுவர் ஓரமாகப் போய் நின்றுகொண்டார். பிரசங்கம் நீளமாக இருந்தது. அவர் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறி நின்றார். கடைசி ஆசீர் வரைக்கும் பாய்ப் பக்கம் போகவில்லை.

பொன்னாயிக்கு அவரைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. இருந்தாலும் அவள் எழுந்திருக்கவில்லை.